முந்திக்கொண்ட கொம்பு: நிரல் எழுதும் ஆவணங்களும் தமிழும்

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு முந்நூற்றுச் சொச்சம் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பெயர்ப் பட்டியல் எக்செல் கோப்பில் இருந்தது. ஒவ்வொரு பெயராக எடுத்துச் சான்றிதழின் நடுவில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க இருபது வரி நிரல் போதும் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். முதல் ஓட்டத்தில், கோமதி இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கீற்று வைத்த ஆங்கில ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’களும் வந்து நின்றன. எழுத்துருவை மாற்றினேன், வெற்றுக் கட்டங்கள் வந்தன. தமிழ் எழுத்துரு ஒன்றைக் கோப்புக்குள் பதித்தேன்; தமிழ் வந்தது, ஆனால் ககரம் முன்னால் நிற்க, இரட்டைக்கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. வேறொரு வழியைப் பிடித்து, விடிவதற்குள் சரிசெய்து அனுப்பிவிட்டேன். தாளில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பள்ளியின் ஆசிரியை கூப்பிட்டார்: “சார், ஃபைல்ல கோமதின்னு தேடினா ஒண்ணுமே வரலையே?”

அன்றிரவு நான் கண்ட மூன்று தோல்விகளும் பிறகு அவர் கண்ட நான்காவதும் சேர்ந்து, நிரலிலிருந்து ஆவணம் செய்யும் கருவிகளின் முப்பதாண்டுக் கதையை ஏறக்குறைய வரிசை மாறாமல் சொல்லிவிடுகின்றன.

ரயில் டிக்கெட், மின்கட்டண ரசீது, தேர்வு நுழைவுச்சீட்டு, சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை: இவற்றில் எதையும் ஓர் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. தரவுத்தளத்திலிருந்து எண்ணையும் பெயரையும் எடுத்து, ஒரு நிரல் தாளாக்கித் தருகிறது. அந்த நிரலும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ‘லைப்ரரி’ என்று நிரலாளர்கள் சொல்லும் நிரலகம் ஒன்றை அழைத்து வேலையை ஒப்படைக்கிறது. எந்த நிரலகம் நல்லது என்று எடைபோடுகிறவர்கள் வேகம், விலை, உரிமம் என்று பட்டியல் போடுவார்கள். தமிழில் ஆவணம் செய்கிறவருக்கு அதற்கு முன்பே இரண்டு கேள்விகள் வந்துவிடுகின்றன. எழுத்தைக் கோப்பது யார்? கோத்த எழுத்து மறுபடி உரையாகத் திரும்பி வருமா?

தாளில் வரைகிறவர்கள்

அடோபி நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டக்குறிப்பு எழுதினார். எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் ஒரே மாதிரி தெரியும் ஆவணம் வேண்டும் என்பது அதன் சாரம். 1993இல் பிடிஎஃப் வெளிவந்தது. 2008இல் அது அடோபியின் கையைவிட்டுப் பன்னாட்டுத் தரமாக, ஐஎஸ்ஓ 32000 என்ற எண்ணுடன், பொதுவுக்கு வந்தது.

ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற அந்த ஆசைதான் அதன் உள்ளமைப்பு முழுவதையும் தீர்மானித்திருக்கிறது. பிடிஎஃப் பக்கத்தின் உள்ளே பத்தி என்று ஒன்று கிடையாது. வரி கிடையாது, அட்டவணை கிடையாது, கறாராகப் பார்த்தால் சொல்லும் கிடையாது. இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இந்த வடிவத்தை வை என்ற கட்டளைகளே இருக்கின்றன. அளவு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கான புள்ளி. ஏ4 தாள் 595 புள்ளி அகலமும் 842 புள்ளி உயரமும் கொண்டது. அதிலும் தொடக்கப்புள்ளி தாளின் கீழ் இடது மூலை. பள்ளியில் வரைபடம் போட்டவருக்கு இது இயல்பு. மேலிருந்து கீழாக எழுதிப் பழகிய நிரலாளருக்கோ முதல் நாள் முழுக்கத் தலைகீழாகவே போகும்.

கோப்பின் வால் இன்னும் விசித்திரமானது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில் வரும். அதன் ஒவ்வொரு பதிவும் சரியாக 20 பைட் நீளம். பிடிஎஃப் படிப்பான் முதலில் வாலைப் பார்த்து, அங்கிருந்து தலைக்குப் போகிறது. பழையதை அழிக்காமல் புதியதைக் கடைசியில் ஒட்டிவிட்டு, வாலை மட்டும் புதுப்பிக்கலாம் என்ற வசதிக்காகச் செய்த ஏற்பாடு இது. திருத்தி மறைத்ததாக நினைத்த வரி கோப்பின் வயிற்றுக்குள் அப்படியே கிடக்கலாம் என்பதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம்.

இந்தக் கட்டளைகளைக் கையால் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்பதால்தான் நிரலகங்கள் பிறந்தன. ஜாவாவுக்கு 2000இல் ஐடெக்ஸ்ட் வந்தது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரூனோ லோவாகி எழுதியது. அதே ஆண்டில் பைத்தானுக்கு ரிப்போர்ட்லேப். அடுத்த ஆண்டு பிஎச்பி மொழிக்கு எஃப்பிடிஎஃப். பெயரின் தொடக்கத்தில் உள்ள ‘எஃப்’ ‘ஃப்ரீ’ என்பதன் சுருக்கம். எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றே: ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, எங்கே எதை வைப்பது என்ற ஆணை. ரிப்போர்ட்லேப் இதன் மேல் ‘பிளாட்டிபஸ்’ என்ற இன்னொரு அடுக்கை வைத்தது. பத்திகளையும் அட்டவணைகளையும் வரிசையாகக் கொடுத்துவிட்டால், இடம் போதாதபோது தானே அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொள்ளும். பக்கக் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டிருந்த நிரலாளருக்கு அது பெரிய நிம்மதி.

உரிமத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொழிலில் அடிபட்டவர்கள் முதலில் சொல்லும் கதை அதுதான். 2009 டிசம்பரில் ஐடெக்ஸ்ட் தன் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதைப் பயன்படுத்தி இணையச் சேவை நடத்தினால் உங்கள் மூலநிரலையும் திறந்து வைக்க வேண்டும், முடியாதென்றால் கட்டணம். பலர் பழைய பதிப்பிலேயே தங்கினார்கள்; அந்தப் பழைய கிளையிலிருந்து ஓபன்பிடிஎஃப் முளைத்தது. டாட்நெட் உலகில் அண்மையில் புகழ்பெற்ற குவெஸ்ட்பிடிஎஃப் 2023இல் இதே பாதையில் அரை அடி வைத்தது: ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குக் குறைவான நிறுவனத்துக்கு இலவசம், மேலே போனால் பணம். என்னைக் கேட்டால் இரண்டும் நியாயமே. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் ரசீதுகளை அடித்துத்தரும் நிரலை ஒருவர் வாழ்நாள் முழுதும் ஓசியில் பராமரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் விநோதம்.

முதல் இரண்டு தோல்விகள்

பிடிஎஃப் பிறந்தபோது ஒவ்வொரு படிப்பானிலும் இருந்தே தீரும் என்று 14 எழுத்துருக்கள் குறிக்கப்பட்டன: ஹெல்வெட்டிகாவில் நான்கு, டைம்ஸில் நான்கு, கூரியரில் நான்கு, குறியீடுகளுக்கு இரண்டு. கிரேக்க எழுத்துக்குக்கூட ‘சிம்பல்’ எழுத்துருவில் ஓர் ஓரம் கிடைத்தது. இந்திய எழுத்து எதற்கும் அதில் இடமில்லை. தொடக்கக்கால எஃப்பிடிஎஃப் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தை மட்டுமே அறிந்திருந்தது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். அவற்றில் முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் 224 என்றால் சாய்கீற்று வைத்த ‘ஏ’. 174 என்றால் வட்டத்துக்குள் ‘ஆர்’. என் சான்றிதழில் கோமதி ஏன் அந்த வேடத்தில் வந்தாள் என்பது இதனால்தான். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேராகத் திறக்கும்போது வரும் குப்பையும் இதே குப்பைதான். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளக்குறி வைத்தால் போய்விடும்.

கட்டங்கள் வருவது அதைவிட எளிய சிக்கல். எழுத்துருவில் அந்த வடிவம் இல்லை என்பதே செய்தி. கட்டத்தைச் சோயாக் கட்டியோடு ஒப்பிட்டு ‘டோஃபு’ என்பார்கள். கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் பெயரே ‘நோ டோஃபு’ என்பதிலிருந்து வந்தது. நம் மேசைக் கணிப்பொறியில் ஒழுங்காக ஓடிய நிரல் சர்வரில் ஏறியதும் கட்டம் காட்டினால், அந்தச் சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்துவிட்டால் தீர்ந்தது. நல்ல நிரலகம் முழு எழுத்துருவையும் திணிக்காமல், பயன்பட்ட வடிவங்களை மட்டும் கத்தரித்து வைக்கும்.

கம்போசிட்டர் அறிந்ததும் நிரலகம் அறியாததும்

மூன்றாவது தோல்விதான் விஷயத்தின் நடு.

ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில், அச்சகத்துக் கம்போசிட்டர் ‘கோ’ என்று படித்ததும் கை எங்கே போகும்? முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். வாய் ககரத்தை முதலில் சொல்லும், கை கொம்பை முதலில் எடுக்கும். தமிழ்த் தட்டச்சுப்பொறியிலும் அப்படித்தான். 1991இல் வந்த ஒருங்குறி இந்த வரிசையைப் புரட்டியது. தேடவும் அகரவரிசைப்படுத்தவும் வசதியாக, ஒலிக்கிற வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு ஓகாரக் குறி. அதைப் பார்க்கிற வரிசைக்கு மாற்றும் வேலை இன்னொருவரிடம் போயிற்று. எழுத்துருவுக்குள்ளேயே அதற்கான விதிகள் அட்டவணைகளாக இருக்கின்றன. க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ என்ற தனி வடிவம். டகரத்தோடு இகரம் சேர்ந்தால் ‘டி’. ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரம் நான்கும் சேர்ந்தால் ‘ஸ்ரீ’. ஔகாரக் குறியில் வலப்பாதி பார்வைக்கு ளகரத்தைப் போலவே இருக்கும், ஆனால் அது ளகரம் அல்ல. இந்த விதிகளைப் படித்து எழுத்தைக் கோக்கும் வேலைக்குத் துறையில் ‘ஷேப்பிங்’ என்று பெயர். அச்சகத்தில் கம்போசிட்டர் செய்தது இதையேதான்.

ஆங்கிலத்துக்குக் கம்போசிட்டர் தேவைப்படுவதில்லை. ‘ஏ’ வந்தால் ‘ஏ’ வடிவம், அடுத்தது அடுத்து. ஐரோப்பாவில் ஐரோப்பிய ரசீதுகளுக்காகப் பிறந்த நிரலகங்கள் இந்தப் படியையே விட்டுவிட்டன. குறியீட்டெண்ணைக் கொடு, வடிவத்தை எடு, வலப்பக்கம் நகர். தமிழை இப்படி அடுக்கினால் ஓகாரக் குறி மொத்தமாக ககரத்துக்குப் பின்னால் வரும். ‘கு’ உடைந்து ககரமும் ஒட்டாத ஒரு சுழியுமாகத் தெரியும். எழுத்துருவில் தவறில்லை, உரையில் தவறில்லை. இடையில் ஆள் இல்லை. இதைத் தெரியாமல் எழுத்துரு மாற்றி எழுத்துரு மாற்றி ராத்திரியைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஆளை இலவசமாகக் கொண்டுவந்த நிரலகம் ஹார்ஃப்பஸ். பெயர் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஹர்ஃப்’ எழுத்து, ‘பாஸ்’ திறந்தது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முதன்மையாக உருவாக்கினார். இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபீஸ் எல்லாவற்றிலும் தமிழைக் கோப்பது அதுவே. நம் கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் இங்கே தொடங்கலாம்.

ஆவண நிரலகங்களுக்குள் அது வந்துசேர நாளாயிற்று. எஃப்பிடிஎஃப்பின் பைத்தான் வழித்தோன்றலான எஃப்பிடிஎஃப்2, 2023இல் ஹார்ஃப்பஸை இணைத்தது. ஒரே வரியில் முடுக்கிவிடலாம், ஆனால் முடுக்காவிட்டால் பழைய குருடிதான். பிஎச்பி பக்கத்தில் எம்பிடிஎஃப் தன் சொந்த முயற்சியில் எழுத்துரு விதிகளைப் படிக்கக் கற்று, தமிழையும் கோத்தது. ஐடெக்ஸ்ட் இதைப் ‘பிடிஎஃப்கேலிகிராஃப்’ என்ற கட்டணத் துணைநிரலாக விற்கிறது. அப்பாச்சியின் பிடிஎஃப்பாக்ஸ் முதலில் வங்க எழுத்துக்கு மட்டும் விதிகளைச் சேர்த்தது. ஆக, எந்த மொழிக்காரர் உட்கார்ந்து எழுதினாரோ அந்த மொழி முந்திக்கொண்டது. திறந்த மூலநிரலின் நியாயம் அது, குறை சொல்லத் தோன்றவில்லை.

இதற்கிடையில் ஒரு குறுக்குவழியும் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்த் துண்டுகளை வைத்தவை. அவற்றில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும். இலங்கையில் பாமினி வெகுகாலம் கோலோச்சியது. அதில் ‘தமிழ்’ என்ற சொல் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். நிரலகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு வரிசையாக அடுக்கும். தாளில் அப்பழுக்கற்ற தமிழ் வரும். அலுவலகங்கள் ஒருங்குறிக்கு மாறத் தயங்கியதில் இந்தச் சௌகரியத்துக்குப் பங்கு உண்டு. விலை என்னவென்றால், அந்தக் கோப்பில் தமிழே இல்லை. அன்றிரவு நான் பிடித்த ‘வேறொரு வழி’யும் இதன் தூரத்துச் சொந்தம்: ஒருங்குறியிலேயே கொம்பைப் பிடித்து மெய்க்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, வடிவங்களை வரிசையாக அடுக்கச் சொன்னேன். தாளில் ‘கோமதி’, கோப்புக்குள் ‘ேகாமதி’.

வேர்டு வழி

பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பு செய்வோம் என்று போனால் மூன்றாவது தோல்வி வருவதே இல்லை. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள். உரை உரையாகவே இருக்கிறது. கோக்கும் வேலையைத் திறக்கிறவரின் வேர்டு பார்த்துக்கொள்ளும். 2006 டிசம்பரில் தரமாக ஏற்கப்பட்ட இந்த வடிவத்தின் விளக்க ஆவணம் ஏறத்தாழ 6,000 பக்கம். அதற்கு முந்தைய இருமக் கோப்புகளைத் திறந்துபார்த்த அப்பாச்சி பிஓஐ குழுவினர் தங்கள் விரிதாள் கூறுக்கு வைத்த பெயரின் விரிவு ‘கொடுமையான விரிதாள் வடிவம்’. நொந்தவர்கள் வைத்த பெயர்.

ஆனால் இங்கே வேறு ஒரு பள்ளம் உண்டு. பைத்தான்-டாக்எக்ஸ் நிரலகத்தில் எழுத்துருவின் பெயரையும் அளவையும் மாற்றினால், ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது. வேர்டு ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் தனித்தனிப் பொந்துகளில் எழுத்துருப் பெயரை வைத்திருக்கிறது: இலத்தீனுக்கு ஒன்று, கிழக்காசிய எழுத்துக்கு ஒன்று, ‘சிக்கல் எழுத்து’ என்று அது வகைப்படுத்தும் அரபு, தமிழ் போன்றவற்றுக்கு ஒன்று. அளவுக்கும் தடிப்புக்கும்கூடத் தமிழின் பொந்து தனி. நிரலகத்தின் எளிய கட்டளை இலத்தீன் பொந்தை மட்டும் நிரப்புகிறது. அளவு பாதிப் புள்ளிக் கணக்கில் எழுதப்படுவதால் 14 வேண்டுமென்றால் 28 என்று, அதுவும் சரியான பொந்தில், எக்ஸ்எம்எல்லுக்குள் இறங்கி எழுத வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் ‘தமிழ் மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது’ என்று தவித்தவர்கள் ஏராளம்.

வேர்டிலேயே அழகாக ஒரு மாதிரிப் படிவம் செய்து, நிரப்ப வேண்டிய இடத்தில் நெளி அடைப்புக்குள் பெயர் வைத்து, நிரலால் நிரப்புவது அலுவலகங்களுக்கு மிகப் பொருத்தமான முறை. கடிதத்தின் வாசகத்தை மாற்ற நிரலாளரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரே எரிச்சல்: தட்டச்சு செய்யும்போது நடுவில் ஒரு தடவை அழித்து எழுதினாலோ, எழுத்துப்பிழைச் சரிபார்ப்பு சிவப்புக்கோடு போட்டாலோ, வேர்டு அந்த அடைப்புக்குறியை உள்ளுக்குள் மூன்று துண்டாக வெட்டிவிடும். கண்ணுக்கு முழுதாகத் தெரியும், நிரலுக்கு அகப்படாது. நிரப்பிய கோப்பைப் பிடிஎஃப் ஆக்க லிப்ரெஆபீஸைத் திரையில்லாமல் ஓட்டலாம். 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் அது எல்லா இயங்குதளத்திலும் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துவதால், தமிழ் ஒழுங்காகவே வரும்.

எக்செலைப் பற்றி ஒரு சம்பவம் போதும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் சேராமல் போனதைக் கண்டுபிடித்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவைத் தானியங்கியாக எக்செல் கோப்பில் சேர்த்தபோது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். புதிய வடிவத்தில் பத்து லட்சத்துக்கும் மேல்.

உலாவி என்ற அச்சகம்

அச்சுத்தாளை ஏன் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், வலைப்பக்கமாக எழுதி உலாவியையே அச்சிடச் சொன்னால் என்ன? இந்த யோசனை பழையது. பிரின்ஸ் என்ற கட்டண மென்பொருள் 2003 முதலே இதை மிக நேர்த்தியாகச் செய்கிறது. இலவசமாக வந்த டபிள்யூகே-ஹெச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் வருடக்கணக்கில் உலகின் பாதி ரசீதுகளை அடித்தது என்றால் மிகை கொஞ்சம்தான். 2023 ஜனவரியில் அதன் மூலநிரல் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார்கள். வீஸிபிரின்ட் பைத்தான்காரர்களுக்கு. 2017இல் குரோம் திரையில்லாமல் ஓடக் கற்றதும், அதை நிரலிலிருந்து ஆட்டுவிக்கும் ‘பப்பெட்டியர்’ வந்ததும் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள்.

தமிழுக்கு இது பெரும் பேறு. உலாவிக்குள் ஹார்ஃப்பஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது; நாம் எதையும் முடுக்க வேண்டியதில்லை. திரையில் எப்படித் தெரிகிறதோ தாளிலும் அப்படி. குறைகளும் உண்டு. ஒரு பக்க ரசீதுக்காக நூற்றுக்கணக்கான மெகாபைட் உலாவியைச் சர்வரில் தூக்கிவைப்பது, கொசுவுக்குப் பீரங்கி. பக்க எண்ணோடு கூடிய பொருளடக்கம் போடுவது இன்றும் வித்தை. பாதுகாப்பு இன்னொன்று: பெயர்க் கட்டத்தில் பெயருக்குப் பதில் யாராவது ஒரு சட்டக நிரல்துண்டை எழுதினால், உங்கள் சர்வருக்குள் ஓடும் உலாவி வெளியார் பார்க்கக்கூடாத உள்முகவரிகளைத் திறந்து, அழகாகப் பிடிஎஃப் ஆக்கி அவர் கையில் கொடுத்துவிடும்.

விக்கிப்பீடியா இப்படி மூன்று வழிகளைக் கடந்து வந்திருக்கிறது. கட்டுரைகளைப் பிடிஎஃப் ஆகத் தரவிறக்கும் அதன் முதல் வசதி ரிப்போர்ட்லேப் மீது கட்டப்பட்டது. இந்திய மொழிகள் அதில் உடைந்தே வந்தன. 2014இல் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் வழிக்கு மாறினார்கள். எழுத்துகள் ஒட்டிக்கொண்டன, அட்டவணைகள் காணாமல் போயின. 2017இல் அதையும் விட்டு உலாவி வழிக்கு வந்தார்கள். இத்தனை பெரிய நிறுவனம் இத்தனை ஆண்டு நடந்துபார்த்த பாதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

லேடெக்கையும் ஒதுக்கிவிட முடியாது. அதன் அடித்தளமான, டொனால்ட் குனூத் 1970களின் கடைசியில் தொடங்கிய டெக், நிரலாகவே எழுதப்படும் ஆவணத்தின் மூதாதை. ஒரு வரியை எங்கே முறிப்பது என்பதை அந்த வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், பத்தி முழுவதையும் பார்த்து முடிவெடுப்பது அதன் சிறப்பு. தமிழுக்கு இது முக்கியம். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற சொல் வரிக்கடைசியில் வந்தால், இடைவெளியில் மட்டும் முறிக்கத் தெரிந்த நிரலகம் முழுச் சொல்லையும் கீழே தள்ளி, மேல்வரியில் லாரி போகும் அளவுக்குச் சந்து விடும். எழுத்தெழுத்தாக முறிக்கிறேன் என்று கிளம்பும் நிரலகம் இகரக் குறியைத் தனியே அடுத்த வரியின் தலையில் வைக்கும். டெக்கிடம் தமிழுக்கான அசைமுறிப்பு விதிகள் இருக்கின்றன. ஜொனதன் கியூ 2004இல் தந்த ஸீடெக்கில் ஒருங்குறித் தமிழை நேரடியாக எழுதலாம். பெர்லினிலிருந்து 2023இல் பொதுவுக்கு வந்த டைப்ஸ்ட் இதே வேலையை, லேடெக்கின் கண்டிப்பான முகம் இல்லாமல், நொடிக்குள் செய்கிறது. புத்தகம், ஆய்வறிக்கை என்றால் என் கை இப்போது அதற்குத்தான் போகிறது.

தாளுக்கு அடியில்

இனி நான்காவது தோல்வி. பிடிஎஃப் பக்கத்தில் இருப்பவை வடிவங்களின் எண்கள். 57ஆம் வடிவம், 112ஆம் வடிவம் என்று. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அகராதி ஒன்றைக் கோப்போடு வைக்கலாம். வைக்காமலும் விடலாம், தாள் அப்படியே தெரியும். வைத்தாலும் தமிழுக்குப் போதாது. கொம்பு, ககரம், கால் என்று வடிவங்கள் பார்வை வரிசையில் நிற்கின்றன; ஒவ்வொன்றாக எழுத்தாக்கினால் ‘ேகாமதி’ என்றே நகலெடுக்கும். ஒருங்குறியில் இது வேறு சொல். தேடல் கைவிரிக்கும்.

இதற்கும் தரத்திலேயே மருந்து இருக்கிறது: வடிவங்களின் ஒரு கொத்தைக் குறித்து, ‘இதன் உண்மையான உரை இது’ என்று எழுதிவைக்கும் வசதி. குரோமின் பிடிஎஃப் பகுதி ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாத கொத்துகளுக்கு இதை எழுதுகிறது. எல்லா நிரலகங்களும் எழுதுவதில்லை. எழுதினாலும் எல்லாப் படிப்பான்களும் மதிப்பதில்லை. ஆவணக் காப்பகங்களுக்கான பிடிஎஃப்/ஏ தரத்தில், எழுத்துருவைப் பதிப்பது கட்டாயம். 2011இல் வந்த இரண்டாம் பகுதியில் ஒருங்குறி உரையையும் கட்டாயமாக்கும் ‘யு’ என்ற தனி நிலையே இருக்கிறது. டெண்டர் விதிகளில் தாளின் கனம் வரை எழுதுகிறவர்கள் இந்த ஓர் எழுத்தையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

தேடுவது மட்டுமே பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் அரசாணையைத் திறக்கிறார். ஈஸ்பீக் என்ற பேச்சு நிரல் தமிழைப் படிக்கும். அதன் காதில் விழுவது தாள் அல்ல, தாளுக்கு அடியில் இருக்கும் உரை. பாமினியாக இருந்தால் ஜே, கே, பி, ஓ. அதனால்தான் கணிப்பொறியிலேயே பிறந்த தமிழ்ப் பிடிஎஃப்பைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை டெசராக்ட் போன்ற எழுத்துணரியிடம் கொடுத்து, சொந்த உரையையே மீண்டும் அனுமானித்துப் பெறும் கேலிக்கூத்து நடந்துகொண்டிருக்கிறது.

எந்த நிரலகத்தையும் எடுப்பதற்கு முன் நான் இப்போது செய்யும் சோதனை சின்னது. கொள்ளு, கௌதம், கூழ், ஸ்ரீ, லக்ஷ்மி, பொறுப்பு என்று ஆறு சொல்லை ஒரு பக்கமாக அடித்து, பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி, மூலத்தோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிடுவது. ஆறும் திரும்பி வந்தால்தான் மேற்கொண்டு வேகம், விலை, உரிமம்.

பள்ளிச் சான்றிதழ்களைத் திரையில்லா குரோம் வழியாக மறுபடி செய்து அனுப்பினேன். கோமதி என்று தேடினால் இரண்டு பேர் வந்தார்கள். சௌந்தர்யா மட்டும் வரவில்லை. நிரலை வரிவரியாகப் பார்த்து அரைநாள் போனபின் எக்செலைத் திறந்தேன். யாரோ ஒற்றைக்கொம்பு போட்டுச் சகரம் போட்டு, பக்கத்தில் அச்சொட்டாக ஒரு ளகரத்தைப் போட்டு வைத்திருந்தார்கள்.